விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

எங்கள் ஸ்டேஷன் ஏரியின் மேல் நின்றது. ரயிலை விட்டு இறங்கியதும் தண்ணீர் தெரிய வேண்டும் என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு ஆசையாம். கரையில் இடமா இல்லை? ஏரிக்குள் கல்லையும் மண்ணையும் கொட்டி, மேடாக்கிக் கட்டினார்கள். ஆசை யாரை விட்டது. அதற்குப் பிறகுதான் ஹோட்டல், படகு எல்லாம் வந்தன. அதனால் ஸ்டேஷனைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் ஊருக்கே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

வெயிட்டிங் ரூமில், ஏரிப் பக்கச் சுவரில் விரிசல் விட்டு வெகு காலமாகியிருந்தது. மேலிடத்து இன்ஜினீயர் வந்து, விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டிவிட்டுப் போனார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் வேலை.

என் வீட்டுக்காரர் அந்த ஸ்டேஷனுக்குக் கொத்தனார். கண்ணாடி உடைந்ததும் இவர் என்ன செய்தார் தெரியுமா? பெயர்த்தெடுத்துவிட்டுப் புதுசு ஒட்டினார். சீசனுக்கு வருகிறவர்கள் கண்ணில் உடைசல் படக்கூடாதாம், குழந்தைகள் கையைக் கிழித்துக்கொள்ளுமாம். ஸ்டேஷன் மாஸ்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அதிலிருந்து வெள்ளையடிப்பதுபோல அதுவும் வழக்கமாகிவிட்டது. அந்த அக்கறையில் இடி விழ.

போன வாரம் இன்ஜினீயர் மறுபடி வந்து பார்த்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. சுவர் இம்மியும் நகரவில்லை, நீளமான சுற்றுலா ரயிலைத் தாராளமாக விடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வெயிட்டிங் ரூமில் டீக்கடையும் திறந்தார்கள். கடையில் வேலைக்குச் சேர்ந்தவள் எங்கள் ஒரே மகள்.

அந்த ரயில் வரும் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே இவர் கண்ணாடிக் கதையைப் பெருமையாகச் சொன்னார். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது.

"எத்தனை தடவைங்க மாத்தினீங்க?"

"யாரு கணக்கு வெச்சா? முன்னெல்லாம் சீசனுக்கு ஒண்ணு போகும். இப்போ வாரத்துக்கு ஒண்ணு. அதான் இந்தத் தடவை கெட்டிக் கண்ணாடியா பாத்து ஒட்டியிருக்கேன். லேசுல உடையாது."

போட்டது போட்டபடி ஓடினேன். என்ன, ஏது என்று கேட்டுக்கொண்டே இவரும் பின்னால் வந்தார். வெயிட்டிங் ரூம் வாசலை நாங்கள் எட்டியபோது ரயில் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. தரை கிடுகிடுத்தது. மகள் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். வெளியே வாடி என்று கத்தினேன். ரயில் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் தலைக்குப் பின்னால் கண்ணாடி இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதன் ஒரு முனை சுவரில் ஒட்டியிருந்தது. மறுமுனை வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் ஏரி தெரிந்தது.