மீசை வரைந்த குப்பி

எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் நான்கு பேர், நான்கு படிப்பு. புரதத்தைப் படம் பிடிக்கும் இயற்பியல்காரர், கணினிக்காரி, நரம்பு டாக்டர், புரதம் தயாரிக்கும் நான். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்கே அரைமணி நேரம் சண்டை போடுவோம்.

மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிந்தால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அது அடுத்ததைக் கெடுக்கும். அப்பா அப்படித்தான் போனார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார். பரம்பரை வியாதி, பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் பரிசோதித்துக்கொண்டேன், தப்பித்தேன். அண்ணன் பரிசோதித்துக்கொள்ளவே மாட்டேன் என்றான்.

"மருந்து கிடையாதுல்ல? அப்புறம் எதுக்கு தெரிஞ்சுக்கணும்?"

ஆனாலும் ஆராய்ச்சிக்கென்று முதுகுத்தண்டு நீர் கொடுத்தான். முடிவைத் தன்னிடம் சொல்லக் கூடாது என்று நிபந்தனை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? டாக்டர் அசந்த நேரத்தில் குப்பியின் மூடியில் ஒரு மீசைக்கார முகம் வரைந்துவிட்டு, வீட்டில் என்னிடம் சொல்லிச் சிரித்தான். யாருடையது என்று தெரியாமலிருக்க, குப்பிகளில் வெறும் எண்தான் ஒட்டுவோம். டாக்டர் புண்ணியவான் எண்ணை ஒட்டினார், மூடியைப் பார்க்கவில்லை.

நல்ல புரதக் கரைசலில் அந்த நீரைச் சொட்டுவிட்டுக் குலுக்குவோம். கெட்டது இருந்தால் கரைசல் ஒளிரும். இன்று காலை ஒன்று ஒளிர்ந்தது. நோய் இன்னும் தலைகாட்டாத ஒருவரின் நீர் ஒளிர்வது எங்களுக்கு இதுவே முதல் முறை. இதற்காகத்தான் வருடக்கணக்கில் தவம் கிடந்தோம். கணினிக்காரி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன்.

"குப்பிய எடும்மா, மிச்சத்துல அந்தக் கெட்ட புரதத்தோட உருவத்தையே பாத்துடலாம்!" என்றார் இயற்பியல்காரர்.

குளிர்பெட்டியில் எண்ணைத் தேடி எடுத்தேன். மூடியில் மீசைக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான். பாவி, உன்னை யார் வரையச் சொன்னது?

மத்தியானம் என்னைச் சாப்பிட அழைத்துப்போக அண்ணன் வந்தான். கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார்! உங்க தங்கச்சி கைராசி, எங்களுக்கு லாட்டரி அடிச்சிருக்கு," என்று இயற்பியல்காரர் அவன் கையில் ஒரு துண்டைத் திணித்தார். பிறகு டாக்டரிடம் திரும்பி, "அந்த ஆளுக்கு மூளை குழம்புறதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை நீர் எடுத்துடணும். குடுப்பானா?" என்றார்.

டாக்டர் வாய் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டான்.

"கேளுங்க சார், கண்டிப்பா குடுப்பான். பாவம், அவனும் யாரு பெத்த பிள்ளையோ."

கேக்கைப் பிட்டு என் வாயருகே நீட்டினான்.

"ஜெயிச்சுட்டு ஏன் இப்படி மூஞ்சிய வச்சிருக்க? ஆ காட்டு."

வாயைத் திறந்தேன்.