எறும்பு அண்டாத புட்டிகள்

ஞாயிற்றுக்கிழமை சரண்யா கண் விழித்தபோது வெயில் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்துவிட்டிருந்தது. பதறி எழவேண்டும் என்றுதான் நினைத்தாள், உடம்பு கேட்கவில்லை. வாரமெல்லாம் வில்லியனூரில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர் வேலை. அது முடிந்ததும் ஸ்கூட்டியில் புதுச்சேரிக்கு ஓடி ஆய்வகம். அங்கிருந்து பண்டசோழநல்லூர் வந்து சேரும்போது வாயில் சோறு வைக்கக்கூடத் தெம்பிருக்காது. ஆறு வருடமாக இதே பாடு. அவள் பிஎச்டியை முடிப்பாளா, பிஎச்டி அவளை முடித்துவிடுமா என்று ஊரே கேட்கிறது. அவளும் கேட்டுக்கொள்வாள்.

எல்லாம் பழ ஈக்களால் வந்தது. கனிந்த வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. அதற்கா இவ்வளவு படிப்பு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் வளரச் சொல்லி ஒரு சேதி வரும். போதும், நிறுத்து என்று இன்னொரு சேதியும் வரும். நிறுத்தச் சொல்லும் சேதியைக் கடத்துகிற மரபணு கெட்டுப்போனால் செல்கள் பெருகிக்கொண்டே போகும். மனிதருக்கு அது கட்டியாகும், ஈக்கு இறக்கை அளவுமீறிப் பெருத்து மடங்கும். அப்படிப்பட்ட ஈயில் இன்னொரு மரபணுவையும் முடக்கினால் இறக்கை பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. இதைக் கண்டது சரண்யா. இரண்டு மாற்றமும் ஒரே குரோமோசோமில் சேர்ந்த ஈ வேண்டுமென்று, நுண்ணோக்கியின் கீழ் கழுத்து விட்டுப்போகும் அளவுக்கு ஈக்களைப் புரட்டிப் புரட்டிச் சோடி சேர்த்தாள். கடைசியில் வேறெங்கும் இல்லாத ஒரு வம்சம் அவள் கையில் உருவானது.

போன மாதம் ஆய்வகத்தில் ஏசி நின்றது. ஆள் வந்து பார்ப்பதற்குள், ஈக்கள் வளரும் புட்டிகளில் மாற்றுக்காக வைத்திருந்தவை எல்லாம் மே மாத வெயிலில் வெந்துபோயின. மிஞ்சிய புட்டிகளை ஒரு தட்டில் வைத்து மடியிலேயே ஏந்திக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தாள். அண்ணன் முத்துக்குமரன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் அறையில் ஏசி உண்டு. இறக்கைகளை இன்னொரு முறை அளந்து காட்டாமல் ஆய்வேட்டை வாங்கமாட்டேன் என்று வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டில் கொடுத்தாக வேண்டும். இந்த வம்சம் போனால் மறுபடி உண்டாக்க ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடத்தை யாரும் தரப்போவதில்லை, அவளிடமும் இல்லை.

அண்ணன் அறைக் கதவைத் திறந்தாள். அப்பா பச்சையப்பன் பிளாஸ்டிக் நாற்காலியை, புட்டிகள் வைத்த மேசைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்திருந்தார். கரும்புக்கொல்லைக்குக்கூட இப்படிக் காவல் இருந்தவரில்லை. அம்மா தனக்கொடி திருக்கனூரில் ஒரு வளைகாப்புக்குப் போனதிலிருந்து வீட்டைப் பார்ப்பதும் மகளைப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. ஈக்களையும் தானாகவே அதில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கறதுதானே. நான்தான் கீறேன் இல்ல."

"நாழி ஆயிடுச்சேப்பா. எழுப்பக் கூடாதா?"

"செத்த பொணமாட்டம் தூங்கற, எப்படி எழுப்பறது? காத்தால பாக்கறேன், ஒரு சார எறும்பு மேசக் கால்ல ஏறி வருது. ஒரு புட்டியில பஞ்சுக்குள்ளாறவே பூந்துடுச்சு. வுடுவனா நானு? இப்பப் பாரு, ஒன்னு அண்டல."

மேசைக் கால்களை நான்கு கிண்ணங்களில் நிறுத்தி, அவற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது அவள் வழக்கம். குனிந்து பார்த்தாள். கிண்ணங்கள் காய்ந்து கிடந்தன. நேற்று ஊற்ற மறந்துவிட்டிருக்கிறாள்.

"இன்னாப்பா பண்ண?"

"எறும்பு சாக்பீஸ்தான். சக்கர டப்பாவுக்குப் போடுவோமே, அது. மேசையச் சுத்தி ஒரு கோடு. அப்பால ஒவ்வொரு பஞ்சா எடுத்து, புட்டி வாய்க்குள்ளாற ஒரு இழுப்பு. நீ பண்ற மாதிரியே லேசா தட்டி, ஈயக் கீழ எறக்கி, கட்டவெரல வச்சி மூடிகினுதான் பண்ணேன். ஒரு ஈ வெளிய போவலம்மா."

அவள் ஒரு புட்டியை எடுத்தாள். பழ ஈயின் குணம் மேலே ஏறுவது. எத்தனை முறை தட்டி இறக்கினாலும் மறுபடி ஏறும், புட்டி வாயில் இழுத்த அந்தக் கோட்டை மிதிக்காமல் இருக்காது. எல்லா ஈக்களும் அடியில் மல்லாந்து கிடந்தன. சிலவற்றின் கால்கள் மட்டும் உதறிக்கொண்டிருந்தன.

"குளுருக்கு அசந்து தூங்குதுங்க போல" என்றார் அப்பா.

"ஆமாம்பா."

அவளுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. யார் உன்னைத் தொடச் சொன்னது என்று கேட்கவேண்டும், தட்டோடு தூக்கிச் சுவரில் அடிக்கவேண்டும். கோபம் நெஞ்சு வரைக்கும் வந்தது. ஆனால் அவள் தூங்கட்டும் என்றுதானே இந்த மனுஷன் விடிந்ததிலிருந்து காபிகூடக் குடிக்காமல் இங்கே உட்கார்ந்திருக்கிறார். கோபப்படவும் தெம்பு வேண்டுமே, அது அவளிடம் இல்லை.

அலமாரியிலிருந்து புதுப் புட்டிகளை எடுத்து வைத்தாள். பழைய புட்டிகளின் சுவரில் அரிசிக்குருணை போலக் கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருந்தன. கூடு மூடியிருப்பதால் உள்ளே விஷம் போகாமல் இருந்திருக்கலாம். பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து ஒன்றைப் பெயர்த்தாள். பிரஷ் நுனியிலிருந்து அது வழுக்கிக் கீழே விழுந்தது.

"இன்னா பண்ற?"

"எடம் மாத்தறேன்."

பச்சையப்பன் எழுந்து வந்தார். ஒரு புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுத்ததை எடுத்துப் பார்த்தார். அதை வைக்கும்போது மேசையில் சத்தமே கேட்கவில்லை.

"சரண்யா, இது தூக்கம் இல்ல."

அவள் அடுத்த கூட்டைப் பெயர்த்தாள்.

"கொல்லையில எத்தினி வருசமா மருந்தடிக்கறேன். மருந்து பட்ட பூச்சி எப்படி வுழும்னு எனுக்குத் தெரியாதா? மொத்தமும் போச்சா?"

போனால் போகட்டும் விடுப்பா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது போகட்டும் என்று விடக்கூடியது இல்லை.

"கூட்டுக்குள்ள இருக்கறது பொழைச்சாலும் பொழைக்கும். நாளைக்கு ஈ வெளிய வந்தாத்தான் தெரியும். அதுக்குள்ள எல்லாத்தையும் பேர்த்து மாத்தணும். என்னால ஒண்டியா முடியாதுப்பா. நீயும் எடு."

"நானா?" அவர் தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்களில் வெள்ளையாகப் பொடி ஏறியிருந்தது.

"கைய நல்லா கழுவிகினு வாப்பா. சோப்பு போட்டு."

அவர் போனார். பின்கட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, நின்றது. மறுபடி திறந்தது. சரண்யா ஒவ்வொன்றாக எடுத்துப் புதுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கூட்டுக்குள் மடித்து வைத்த இறக்கைகள் கறுப்பாகத் தெரிந்தன. உயிரோடிருக்கிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழாய் மூன்றாவது தடவையும் திறந்தது. அங்கே சோப்புக்கட்டி நழுவி விழுவதும் அவர் அதைத் தேடி எடுப்பதும் கேட்டது.

பிறகு காலடிச் சத்தம் வந்து நின்றது. அவள் திரும்பினாள். அப்பா சட்டையையும் தோள்துண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெற்றுடம்போடு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். முழங்கை வரை சிவக்கத் தேய்த்த கைகளை எதிலும் பட்டுவிடாமல் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உள்ள வரலாமாம்மா?"