ஒதேசா வரை கேட்ட ஒப்பாரி

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று தூத்துக்குடி உப்பைக் கை நிறைய அள்ளி வைத்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன். கை ஈரமாக இருந்ததில் உப்பு கொஞ்சம் கரைந்துவிட்டது. சத்தியம் கரையவில்லை.

அப்பாவின் தலைமாட்டு விளக்குக்குப் பகவதி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது மணி பதினொன்று அடித்தது. அந்த நேரத்துக்கு அவள் ஊரின் மறுகோடியில் உள்ள கல்லூரியில் இருந்திருக்க வேண்டும். 1976-ஆம் வருஷம். நவீன மொழிகளில் ஆராய்ச்சி செய்ய வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே ஓர் இடம் இருந்தது. ரஷ்ய மொழியில் முனைவர் பட்டம்; மூன்று வருஷத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை; கட்டணம் கிடையாது. பதிலுக்கு பி.ஏ. பிள்ளைகளுக்கு வாரம் ஆறு மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் பகவதிதான் முதல். பாக்கி ஒரே ஒரு சோதனை: அந்த மொழியில் ஒன்றுமே தெரியாதவர்களுக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். அதைப் பார்க்கப் பேராசிரியர் தேவதாசன் ரயிலேறி வந்திருந்தார்.

விடிந்தும் விடியாததுமாகக் கருப்பட்டிக் கடையைத் திறக்கப் புறப்பட்ட அப்பா காசிலிங்கம், செருப்பை மாட்ட உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

அண்ணன் பால்துரை கல்லூரிக்குப் போய்ச் சொன்னான். பேராசிரியரே துட்டி கேட்க வந்துவிட்டார். வாசற்படியோரம் நின்று, பகவதி பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"மன்னிக்கணும்மா. பட்டியல் இன்னைக்குச் சாயங்கால ரயில்ல போயாகணும். வகுப்பெடுக்காதவங்க பேரை எழுத எனக்கு அதிகாரம் இல்ல."

"தெரியும் சார்," என்றாள் பகவதி. திரியைத் தூண்டிவிட்டாள். காலையிலிருந்து அவள் அழவில்லை.

"நேத்துத்தான் ஒம் பெட்டி கட்டணும்னு கயிறு வாங்கியாந்தாரு," என்றாள் அம்மா செல்லக்கனி, யாரையும் பார்க்காமல்.

அப்போது தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ரஷ்யக் கப்பல் கேப்டன், பின்னால் பன்னிரண்டு மாலுமிகள். கப்பலின் அடியில் விழுந்த ஓட்டையை, காசிலிங்கம் கொடுத்த கருப்பட்டியையும் சுண்ணாம்பையும் குழைத்து அடைத்துக்கொண்டு ஒதேசா வரை போய்த் திரும்பியவர் அந்தக் கேப்டன். வழியில் பசியெடுத்த மாலுமிகள் அடைப்பைச் சுரண்டித் தின்றுவிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. நான் பார்க்காததை எழுதுவதில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் பக்கம் துட்டி வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் பெண்கள் அவரைப் பார்த்து ஒப்பாரியைப் புதிதாக எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வந்தவரை அவமதித்ததாகிவிடும். முதல் குரல் கொடுக்கும் ஆறுமுகத்தாய், கேப்டனைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுத் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"ஏளா பகவதி, இவருக்கு வெளங்காம அழுதா என்ன மரியாத? இவுக ஊரு எழவு வீட்ல என்ன சொல்லி அழுவாக? அதச் சொல்லிக் குடு."

"இப்பமா அத்தை?"

"பின்ன ஒங்கப்பனுக்கு அடுத்த மாசமா அழப் போறோம்?"

பகவதி விளக்கை விட்டு நகர்ந்து பெண்கள் நடுவில் உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு பேர்.

"நா கவோ தி நாஸ் பகீனுல்," என்றாள். "எங்கள யார்கிட்ட விட்டுட்டுப் போனீருன்னு அர்த்தம். எங்க அழுத்தணுமோ அங்கன நெஞ்சுல அடிங்க. 'கவோ'வுல 'வோ'க்கு ஒரு அடி. 'பகீனுல்'ல 'கீ'க்கு ஒரு அடி. அத்தை, நீங்க 'னுல்'லுக்கு அடிக்கிய. அங்கன கெடையாது."

"நாப்பது வருசமா அடிக்கிறவளுக்கு இவ எடம் காட்டுதா," என்றாள் ஆறுமுகத்தாய். ஆனாலும் அடியை மாற்றிக்கொண்டாள்.

எழுபதைத் தாண்டிய வடிவம்மாள் கையைத் தூக்கினாள். "செத்தது பொம்பளன்னாலும் இதேதானா?"

"இல்ல பெரியம்மா. அதுக்குப் 'பகீனுலா'ன்னு முடிக்கணும்."

"அப்பம் எனக்கு மறந்திராதீக. 'லா' போட்டுத்தான் அழணும்."

பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்திருந்தார்.

பகவதி சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பத்தாவது தடவை அவளால் முடியவில்லை. 'பகீ' வரை வந்த குரல் அங்கேயே நின்றது. மிச்சத்தை முப்பத்திரண்டு பேரும் ஒரே மூச்சில், பிசிறில்லாமல் முடித்தார்கள். பிறகு ஆறுமுகத்தாய் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, கேப்டனைப் பார்த்து முதலிலிருந்து எடுத்தாள்.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். அவர் அழுத அழுகையில் மாலுமிகள் அவரைச் சுவரோரம் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. துறைமுகத்தில் நின்ற நாலு கப்பல்கள் யாரும் சொல்லாமலே கொடியைப் பாதிக்கு இறக்கின. கடலுக்கடியில் முத்துச்சிப்பிகள் வாய் திறந்து, மூட மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளில் முத்தெடுத்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒதேசாவிலிருந்து மறுநாளே அனுதாபத் தந்தி வந்தது.

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு நிமிஷம். எம்.ஏ. வகுப்புலகூட இந்த உச்சரிப்பை நான் கேட்டதில்ல." முழங்காலில் வைத்து ஒரு வரி எழுதி, பகவதிக்குக் காட்டினார். அவள் பெயர் இருந்தது. துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். பேசாமல் படியிறங்கிப் போனார்.

"என்ன சொல்லிட்டுப் போறாரு?" என்றாள் செல்லக்கனி.

"எடம் கெடச்சிருச்சும்மா."

செல்லக்கனி புருஷன் பக்கம் குனிந்தாள். பிறகு ஏதோ நினைத்தவளாக நிமிர்ந்தாள். காசிலிங்கத்துக்கு இடது காது மந்தம். அவள் எழுந்து, கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போய், வலது காதில் சொன்னாள்.