டக்வெல்லின் வலது கை

1969ஆம் ஆண்டு மார்ச் பதினைந்தாம் தேதி சனிக்கிழமை, மாலை நான்கு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு, ஹால்பெக் டவுன் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் நார்மன் டக்வெல் ஆஃப்சைடு கேட்டு வலது கையைத் தூக்கினார். அந்தக் கை அதன் பிறகு இறங்கவில்லை. எதிரணியின் ஒன்பதாம் எண் ஆள் தனியாக ஓடி, எங்கள் கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே பந்தை உருட்டிவிட்டான். ஓரக்கோட்டில் நின்ற லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கவில்லை; அது முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நடுவர் கோல் என்றார். மிச்சமிருந்த ஆட்டத்தையும் டக்வெல் கையைத் தூக்கியபடியே ஆடினார். ஆள் முறுக்கிக்கொண்டிருக்கிறார், போகப் போகச் சரியாகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். ஆட்டம் முடிந்து எல்லோரும் பெரிய தொட்டியில் குளித்தபோதும் நுரைக்கு மேலே அந்தக் கை மட்டும் நின்றது. சோப்பு கேட்கிறார் போலிருக்கிறது என்று பயிற்சியாளர் அதில் ஒரு சோப்பை வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு கோலால் போனது ஒரு ஆட்டம் மட்டுமல்ல. ஒரே ஒரு புள்ளியில் நாங்கள் கடைசி நான்கு அணிகளில் போய் விழுந்தோம். அந்தக் காலத்தில் கடைசி நான்கு அணிகள் மற்ற அணிகளிடம் போய் மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஓட்டுக் கேட்க வேண்டும். ஜூன் மாதம் ஓட்டு எடுத்தார்கள், எங்களைக் கழற்றிவிட்டார்கள். ஊருக்கு இனி லீக் ஆட்டம் இல்லை என்றானதும், சனிக்கிழமை மதியங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் ஆண்கள் வேலிக்குப் பெயின்ட் அடித்தார்கள். ஒரே வேலிக்கு மூன்று முறை அடித்தவர்களும் உண்டு.

பழி இன்னொரு தடுப்பாட்டக்காரனான கோலின் ஃபர்னிஸ் மேல் விழுந்தது. எதிரணி ஆள் கடைசித் தடுப்பாட்டக்காரரையும் தாண்டி நின்று பந்தை வாங்கினால் அது ஆஃப்சைடு, கோல் செல்லாது. அவனை அப்படி மாட்டவைக்கத் தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் முன்னால் ஏற வேண்டும். ஒருவன் ஓரடி பின்தங்கினாலும் எல்லாம் போச்சு. ஒன்பதாம் எண் ஓடியது கோலின் நின்ற பக்கமாக. போதாததற்கு, டக்வெல்லின் கை அங்கே வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. தப்பு செய்தவன் மாதக்கணக்காகவா கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான் என்று ஊர் கேட்டது. பந்தாட்டம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு: கோல் விழுந்ததும் முதலில் கையைத் தூக்குபவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எங்களுக்கும் அது தெரியும். கோபத்தில் மறந்துவிட்டோம். கோலின், ஆட்டத்தை விட்டுவிட்டுப் பால் வண்டி ஓட்டப் போனான். பால் சரியான நேரத்துக்கு வந்த நாட்களிலும் வாசலில் நின்று, "என்ன கோலின், இன்னிக்கும் ஓரடி லேட்டா?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

டக்வெல்லை மூன்று மருத்துவர்கள் பார்த்தார்கள். முதலாமவர் எலும்பு சரி என்றார், இரண்டாமவர் நரம்பு சரி என்றார், மூன்றாமவர் "கை தூக்கி இருக்கு, அவ்வளவுதான்" என்று எழுதிக் கொடுத்தார். டக்வெல் பஸ் நிறுத்தத்தைக் கடந்தால் பஸ்கள் நின்றன. ஏலம் நடந்துகொண்டிருந்த ஒரு கடைக்குள் மழைக்கு ஒதுங்கியவர், பஞ்சு அடைத்த மீன் ஒன்றோடு வெளியே வந்தார். கிறிஸ்துமஸ் அன்றும் பயிற்சி வேண்டுமா என்று, அவர் பிறகு போய்ச் சேர்ந்த ஓர் அணியில் வாக்கெடுப்பு நடந்தபோது வேண்டும் என்பது ஒரு வாக்கில் வென்றது. அந்த அணியில் யாரும் ஈஸ்டர் வரை அவரோடு பேசவில்லை.

ஆனால் வேலைக்குக் குறைவில்லை. ஒரு வட்டாரத்துக்கு அவர் புதிதாக வந்தால், அங்குள்ள லைன்ஸ்மேன்கள் தூக்கிய கையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கொடியைத் தூக்கினார்கள். எதிரணி ஆள் மைதானத்தில் தன் பாதியிலேயே நின்றாலும் ஆஃப்சைடு. ஒரு பருவம் இப்படி ஓடும். அடுத்த பருவத்தில் அவர்களுக்குக் கை பழகிப்போகும், கொடி எழாது, மேனேஜர் அவரைக் கூப்பிட்டு நல்லபடியாகப் பேசி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார். பதினோரு வருடத்தில் ஒன்பது அணிகள். மூன்றாவது அணியில் ஒரு பந்து நேராக அவர் உள்ளங்கையில் பட்டது. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி வெகுநேரம் யோசித்தார்.

"இது எப்போல இருந்து மேல இருக்கு?"

"நாலு வருஷமா சார்."

"அப்போ வேணும்னு தொட்டதா சொல்ல முடியாது. ஆனா தொட்டது தொட்டதுதானே," என்றார் நடுவர். கடைசியில் எதுவும் கொடுக்காமல் ஆட்டத்தையே ஐந்து நிமிடம் முன்னதாக முடித்துவிட்டார். பிறகு அந்த வட்டார நடுவர் குழுவிலிருந்து இரண்டு பக்கச் சுற்றறிக்கை வந்தது. முதல் பக்கம் குற்றம் என்றது, இரண்டாம் பக்கம் குற்றமில்லை என்றது. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதன்படி தீர்ப்பு வந்தது.

டக்வெல்லின் மனைவி பெரில் எங்கள் ஊர்ப் பெண். கெட்டிக்காரி, வாயும் நீளம். ஒன்பது ஊருக்கும் கூடவே போனாள். அவருடைய சட்டைகளின் வலது கையைப் பிரித்து, மேல்நோக்கித் தைத்துக் கொடுத்தாள். புருஷனுக்கு அநியாயம் நடந்துவிட்டது, அநியாயம் தீரும்வரை கை இறங்காது என்பது அவள் கட்சி. ஒவ்வொரு மார்ச் மாதமும், அது ஆஃப்சைடுதான் என்று லீக்குக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவள் எழுதும்போது டக்வெல் எழுந்து போய்த் தோட்டத்தில் நிற்பார். வருத்தம் தாங்காமல் போகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் காரமாக எழுதுவாள்.

1980இல் அவருக்கு முப்பத்தெட்டு வயது. நாட்டின் தென்மேற்கு மூலையில், கடலோரத்தில், பத்தாவது அணி கூப்பிட்டது. பெரில் பெட்டியை எடுக்கவில்லை.

"பத்தாவது வீட்டுக்கு நான் வரல, நார்மன். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு வருஷம் கழிச்சுத்தான் பக்கத்து வீட்டுக்காரி பேரே தெரியுது, உடனே கிளம்பறோம். கைக்கு ஒரு முடிவு கட்டு. இல்லேன்னா நீயும் உன் கையுமா போங்க."

அவள் சொன்னால் செய்வாள் என்று அவருக்குத் தெரியும். முடிவு கட்டும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். அன்றைய லைன்ஸ்மேன் ஈஸ்ட்விக் என்பவரைத் தேடிப் பிடித்தாள். ஓய்வு பெற்று, ஒரு கடற்கரை ஊரில் மீன்கடையில் மகளுக்கு உதவியாக இருந்தார். நல்ல மனிதர். "மிஸஸ் டக்வெல், அன்னிக்கு சூரியன் கண்ணுல அடிச்சுது. என்ன பாத்தேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. ஒரு தடவை கொடியத் தூக்கினா அவருக்குக் கை இறங்கும்னா, வந்து தூக்கிட்டுப் போறேன். எனக்கென்ன குறைஞ்சுடப் போகுது?" என்றார்.

இப்படியாக, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஹால்பெக் டவுனின் பழைய மைதானத்தில் அறுபது பேர் கூடினோம். மைதானத்தில் பாதி காய்கறிப் பாத்தியாகிவிட்டிருந்தது. பெரில் குறுக்கே ஒரு கம்பளி நூலைக் கட்டினாள். அதுதான் அன்று தடுப்பாட்டக்காரர்கள் ஏறி நின்ற கோடு. கோலின் தொப்பியோடு, பால் வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு வந்தான். யாரையும் கேட்காமல் நூலின் மேல், தன் பழைய இடத்தில் போய் நின்றான். டக்வெல்லும் நூலின் மேல் வந்து நின்றார். ஈஸ்ட்விக் தூரத்திலிருந்து பார்ப்பவர் போலக் கண்ணை இடுக்கி இருவரையும் பார்த்தார், பிறகு கொடியைத் தூக்கினார். யாரோ கை தட்டினார்கள்.

கை இறங்கவில்லை. பெரில் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோலின் அந்தக் கையைப் பார்க்கவில்லை; நூலின் மறுபக்கத்திலிருந்து டக்வெல்லின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். டக்வெல் முதலில் ஓரடி பின்னால் வைத்தார். பிறகு இன்னோர் அடி. வெங்காயத்தாளை மிதித்துக்கொண்டு நின்றார்.

"நான் நின்னது இங்க."

"அங்க நின்னா அது ஆஃப்சைடே இல்லையேப்பா," என்றார் ஈஸ்ட்விக்.

"இல்ல. சரியான கோல். ஏறு ஏறுன்னு கோலின் கத்தினான். எனக்குக் கேட்டுது. நான் ஜனங்க உக்கார்ற மேடையப் பாத்துட்டு நின்னேன். பெரில் உக்காந்திருந்த இடம் காலியா இருந்துச்சு. எங்க போனாள்னு பாத்துட்டிருந்தேன்."

ஈஸ்ட்விக் கொடியை மடக்கினார், எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி விரித்தார். எங்களுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. பதினோரு வருடம் ஒருவனைக் கேலி செய்த அறுபது பேர் ஒரே இடத்தில் நின்றால் அப்படித்தான் இருக்கும்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றான் கோலின். "யார்கிட்ட சொன்னாலும் உன் கையக் காட்டினான். நானே ஒருநாள், நாமதான் பின்னால நின்னுட்டோமோன்னு நினைச்சேன், நார்மன். என்னையே சந்தேகப்பட வெச்சுட்ட." அவன் குரல் உயரவில்லை. "பேப்பர்ல சொல்லுவியா?"

"சொல்றேன்."

"நாளைக்கே சொல்லு," என்று சொல்லிவிட்டு அவன் வண்டிக்குப் போய்விட்டான்.

பெரில் தன் ஒன்பது வீடுகளையும் பதினோரு கடிதங்களையும் நினைத்திருக்க வேண்டும். முகம் சிவந்து, மைதானத்தை ஒரு சுற்று தனியாக நடந்தாள். அவள் போய்விடப் போகிறாள் என்றே நாங்கள் நினைத்தோம். டக்வெல்லும் அப்படித்தான் நினைத்தார் என்பது அவர் நின்ற நிற்பில் தெரிந்தது. சுற்றி வந்தவள் அவர் எதிரில் நின்றாள்.

"டீ வாங்கப் போனேன், மடையா. வரிசை நீளமா இருந்துச்சு."

"தெரியாது."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பதினோரு வருஷமா கேக்கல." அவள் நூலை அவிழ்த்துக் கையில் சுற்ற ஆரம்பித்தாள். "நான் அந்தப் பத்தாவது ஊருக்கு வரல. நீயும் போகல. இங்கயே இருக்கப் போறோம், கோலின் பால் போடற தெருவுல. தினமும் காலைல கதவத் திறந்து நீதான் பாட்டில வாங்கணும்."

அப்படியே ஆயிற்று. திங்கட்கிழமை டக்வெல் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். வெள்ளிக்கிழமை அது படத்தோடு வந்தது. படத்தில் கை சட்டத்துக்கு மேலே போய்விட்டது. அது நல்ல கோல்தான் என்று பெரில் லீக்குக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதினாள். பதில் வந்ததாகத் தெரியவில்லை. கோலின் பதினாலு மாதம் பாட்டிலை நீட்டினானே தவிர வாயைத் திறக்கவில்லை. பதினைந்தாம் மாதம், இன்று குளிர் அதிகம் என்றான். ஆமாம் என்றார் டக்வெல்.

உண்மையைச் சொன்னால் கை இறங்கிவிடும் என்று எங்களில் பலர் எதிர்பார்த்தோம், ஏன் எதிர்பார்த்தோம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அது இறங்கவில்லை. வெளியூர்க்காரர்கள் தெருவில் அவரைப் பார்த்து ஆஃப்சைடா என்று கேட்டால், இல்லை, நான்தான் பின்னால் நின்றேன் என்று கையைத் தூக்கியபடியே சொன்னார். பெரில் அதற்குப் பிறகு அடுத்த வீட்டுக்குப் போனாலும், எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் சரி என்பார்.