மூன்றாம் பாகத்துக்கு ஒரு பேரம்

என் மகள் வாசிப்பது செல்லோ. வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். காரில் முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு அதுதான் வரும். என் மனைவி பின்னால்.

பதினேழு வயதில், அறுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து வாசிக்க அவளுக்கு வாய்ப்பு வந்தது. ஞாயிறு நாலு மணிக்குக் கச்சேரி. மூன்று பாகம், முப்பத்தொரு நிமிடம். சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனால், நேரம் போதாது, மூன்றாம் பாகத்தை வெட்டப் போகிறார்கள் என்றார்கள். அந்தப் பாகத்துக்காக ஒன்றரை வருஷம் விரல் தோல் உரிய உழைத்தவள் அவள்.

"நான் பேசிக்கறேம்பா. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள்.

சும்மா இருப்பதா? குழாயும் வாஷ்பேசினும் விற்கும் கடையில் வளர்ந்தவன் நான். பல் தேய்க்கச் சொன்னால்கூட, "மேல் வரிசை மட்டும்" என்று ஆரம்பிக்கிற குடும்பம் எங்களுடையது.

மதியம் ஆர்கெஸ்ட்ரா மேனேஜர் அம்மாவின் அறைக்குள் போனேன். மேஜையில் ஒரு தாளும் திறந்த பேனாவும் இருந்தன.

"வாங்க சார். நானே உங்க பொண்ணக் கூப்பிடலாம்னு..."

எதிராளியை முதலில் பேசவிட்டால் அவர் சொல்வதுதான் விலை. குறுக்கே புகுந்தேன்.

"மூணு பாகமும் வேணும். கடைசில தனியா இன்னொண்ணும் வாசிப்பா."

அந்த இன்னொன்று யாருக்கு வேண்டும்? இறங்கி வர எனக்கு ஒரு படி வேண்டாமா?

"இன்னொண்ணுக்கு நேரமில்ல சார்."

"அப்ப இது சரிப்படாதுங்க. அவள வேற எடத்துல கேட்டுட்டே இருக்காங்க," என்று எழுந்தேன்.

எங்கள் கடைத்தெருவில் இப்படி எழுந்தவன் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிடும். நானும் ஆமைக்குப் போட்டியாக நடந்தேன். கதவுக் கைப்பிடி கழன்றிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். குரல் வந்தது, போனில் யாரிடமோ.

"அந்தப் பியானோக்காரர் நாளைக்கு ஃப்ரீயான்னு கேளுங்க. செல்லோ பொண்ணு வீட்ல வேண்டாங்கறாங்க."

வெளியே வராந்தாவில் செல்லோவின் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்த மகளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"எந்த எடத்துலப்பா என்னைக் கேட்டுட்டே இருக்காங்க?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா."

"மூணாவது பாகம் சரியாயிடுச்சு. ஆர்கெஸ்ட்ராவ நடத்தற கண்டக்டர், அவங்க முதல்ல வாசிக்கறதா இருந்த உருப்படிய எடுத்துட்டு எனக்கு நேரம் கொடுத்துட்டார். இதைச் சொல்லத்தான் உங்களத் தேடிட்டிருந்தேன். மேனேஜர் மேஜைல இருக்கற தாள்ல நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி."

வில்லை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

"வாசிக்கறேன். மூணும்."

"பாத்தியா, அந்தம்மா எறங்கி..."

"நாளைக்கு நீங்க ஹால் வாசலத் தாண்டி உள்ள வர மாட்டீங்க."

"அப்படியா கேட்டாங்க?"

"அவங்க கேக்கல. நானாச் சொன்னேன்."

கேட்காததை எடுத்துக் கொடுக்கிற பெண் எனக்கு எப்படிப் பிறந்தாள்?

"பால்கனில, தூணுக்குப் பின்னால உக்காந்துக்கறேனே."

"அப்பா."

"சரி."

ஞாயிற்றுக்கிழமை மனைவி மூன்றாம் வரிசையில். நான் தெருவோரம், கண்ணாடிக் கதவுக்கு வெளியே. உள்ளே முன்கூடத்துச் சுவரில் ஒரு டிவி மேடையைக் காட்டியது. சத்தம் கண்ணாடியைத் தாண்டவில்லை. உள்ளங்கை அளவில் என் மகள். வில் போனது, வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்திரண்டாம் நிமிடம், மூன்றாம் பாகமாகத்தான் இருக்க வேண்டும். இடது கை விரல்கள் தந்திமேல் ஓடின. எனக்குக் கேட்டதெல்லாம் லாரி ஹாரன்.

"உங்க பொண்ணா சார்?" என்றார் காவலாளி. "நல்லா வாசிக்குதா?"

"கேட்டாத்தானய்யா தெரியும்."

அவள் எழுந்து குனிந்தாள். திரையில் எல்லோரும் கைதட்டினார்கள். மரியாதைக்குத் தட்டுவதா, மனசாரத் தட்டுவதா? வாடிக்கையாளர் "பாக்கலாம்" என்று இழுக்கிற இழுப்பிலேயே வாங்குவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவேன். காது இருந்தால் இதையும் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். இங்கே கைகள் சேர்ந்தன, பிரிந்தன, அவ்வளவுதான்.

கண்ணாடியில் காதை அழுத்தி வைத்தேன். ஏசி ஓடுவது கேட்டது.