இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும்

கொட்டாஞ்சேனை டில்ஷானிக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது, மூளை மட்டும் நன்றாக ஓடும். அந்த வாரம் கோபத்துக்குக் குறைவே இருக்கவில்லை. வெள்ளவத்தையில் புடவைக்கடைக்கு மேல்மாடியில் அவள் வேலை செய்த மென்பொருள் அலுவலகம் அவளைத் துரோகியாக்கி வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

புதுக்கடைச் சட்டத்தரணி பஹ்மியாவுக்கு அந்த அலுவலகம் ஓர் இணையத்தளம் செய்து கொடுத்திருந்தது. கட்சிக்காரரும் எதிர்த்தரப்பினரும் தங்கள் தங்களுக்கு ஒதுக்கிய வழக்குக் கோப்புகளை மட்டும் அதில் பார்க்கலாம். அப்படியிருக்க, அடிக்குப் பயந்து ஒளிந்திருந்த ஒரு கட்சிக்காரியின் விலாசம் அவளுடைய புருஷன் கைக்குப் போய்விட்டது. நல்லவேளை, அவன் போய்ச் சேருமுன் அவளை வேறிடம் மாற்றிவிட்டார்கள். முதலாளி பிரியந்தன் அதிகம் யோசிக்கவில்லை. தளத்தைக் கடைசியாகத் தொட்டவள் டில்ஷானி, கடவுச்சொல் தெரிந்தவளும் அவள். வேறு சாட்சி எதற்கு?

"நீர்தான் ஆருக்கோ குடுத்திருக்கிறீர். ஒத்துக்கொண்டு விலகினால் பொலிசுக்குப் போகமாட்டன்," என்றார். என்ன தாராள மனசு!

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய சந்தேகம் முழுக்க அந்தத் தளத்தில் இணைத்துப் பூட்டியிருந்த லைப்ரரி மேல். உலகத்தில் எவரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல் அது. கோப்புகளை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. கணினிக்கு இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால் மேல் கோப்புறைக்கு ஏறு என்று அர்த்தம். கேட்கிற கோப்பின் பெயருக்குள் அதைச் செருகினால், தன் கோப்புறையை விட்டு ஏறி அடுத்தவன் கோப்புறைக்குள் இறங்கலாம். சுத்தமான மதில் பாய்கிற வேலை. லைப்ரரியை எழுதியவர்களுக்கு அவள் அறிவித்தாள். புள்ளி வந்தால் தடுக்கிறோம், பரிசோதித்தும் பார்த்துவிட்டோம், பிழை இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அம்மா மரியகொறற்றி கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் புறப்பட்டார். அந்தோனியாருக்குக் கோடிங் தெரியுமா என்று தாயிடம் எரிந்து விழுந்துவிட்டு, டில்ஷானி அந்தப் பதிலை மறுபடி வாசித்தாள். அவர்கள் பரிசோதித்த கோப்புகளுக்கெல்லாம் ஆங்கிலப் பெயர்.

அட கடவுளே! பஹ்மியாவின் கிளார்க்மார் ஆங்கிலத்திலா பெயர் வைக்கிறார்கள்? 'மாளிகாவத்தைக் காணி', 'தாபரிப்பு - மூத்த மகள்' என்று எல்லாம் தமிழ். தமிழ் எழுத்து இணைய முகவரியில் அப்படியே போகாது, குறியீடாக வேஷம் போட்டுத்தான் போகும். புள்ளிக்கும் அதே வேஷம் போடலாம், வேஷத்துக்கு மேல் இன்னொரு வேஷமும் போடலாம். அவள் நிரலைத் திறந்து வாசித்தாள்: லைப்ரரி ஒரு வேஷத்தைக் கலைத்து, புள்ளி இருக்கிறதா என்று சோதித்தது. பெயரில் தமிழ் கண்டால் மட்டும், சோதனை முடிந்தபின் இன்னொரு தடவை கலைத்தது. அப்படியென்றால் இரண்டு வேஷம் போட்ட புள்ளி தாராளமாக உள்ளே போகும். பையை வாசலில் மேலோட்டமாகத் தடவி அனுப்பிவிட்டு, உள்ளே போனபின் அவிழ்க்கிற காவல்!

தன் மடிக்கணினியில் முயன்று பார்த்தாள். திறந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

அவள் சொன்னதைக் கேட்டு பஹ்மியா அவளையும் பிரியந்தனையும் புதுக்கடைக்குக் கூப்பிட்டார். டில்ஷானி எதையும் தொடமாட்டேன் என்றாள். பிரியந்தன் தன் கணினியில் தானே அந்த லைப்ரரியைப் பூட்டட்டும், பொதுக் கோப்புறைக்கு வெளியே 'ரகசியம்' என்ற கோப்பில் விரும்பியதை எழுதி வைக்கட்டும், தன் கையில் இருக்கப்போவது கைத்தொலைபேசி மட்டுந்தான் என்றாள். பிரியந்தன் ஒரு சிரிப்போடு எழுதி முடித்தார். அவள் முகவரியில் ஒரு தமிழ்ச் சொல்லையும் வேஷம் போட்ட புள்ளிகளையும் தட்டினாள். திரையைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வாசிச்சுக் காட்டுங்க மகள்," என்றார் பஹ்மியா.

"இதை டில்ஷானியாலை வாசிக்கேலாது," என்று அவள் நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

பிரியந்தனின் முகத்தில் ஈயாடவில்லை. பஹ்மியா விடவில்லை, யார் எப்போது எந்தக் கோப்பைக் கேட்டார்கள் என்று காட்டும் தளத்தின் வருகைப் பதிவையும் அங்கேயே திறக்க வைத்தார். அதே இரட்டை வேஷம் அதிலும் கிடந்தது, அந்தப் புருஷனின் கணக்கிலிருந்து. அவனுக்கும் கணினி தெரிந்திருக்கிறது, பாவி.

"இனி நீங்கதான் சொல்லோணும் பிரியந்தன்," என்றார் சட்டத்தரணி.

"மன்னிச்சுக்கொள்ளும் டில்ஷானி. பிழை என்னிலைதான்."

"அதை ஒஃபீஸிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ அண்ணா," என்றாள் அவள். மறுநாள் சொன்னார், சொல்லாமல் தப்ப வழியில்லை.

லைப்ரரிக்காரர்கள் இந்தத் தடவை தமிழ்ப் பெயரோடு முயன்று பார்த்துப் பதறிப்போனார்கள். ஓட்டையை அடைத்து, அறிவித்தலில் அவள் பெயரைப் போட்டு நன்றி சொன்னார்கள். இனிமேல் பரிசோதிக்க ஒரு தமிழ்க் கோப்புப் பெயர் வேண்டும் என்றும் கேட்டார்கள். அவள் ஒன்றைக் கொடுத்தாள், அம்மாவோடு போய் அந்தோனியாருக்கும் ஒரு திரி கொளுத்தினாள். இன்றைக்கு அந்த லைப்ரரியில் எவன் எங்கே கை வைத்தாலும், வெளியிடுமுன் அது 'கொட்டாஞ்சேனை' என்ற கோப்பை ஒழுங்காகத் திறந்து காட்டியாக வேண்டும்.