கைதட்டலுக்கு நடுவே ஒரு சால்வை

1

மேடையில் ஜாஸ் வாசிக்கிறவன் மனத்தில் என்னதான் ஓடும்? இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது. என் தம்பி மகன் சுனில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி சூப்பர்வைசர். அங்குள்ள ஜப்பான் அதிகாரிகளோடு சேர்ந்து சாக்ஸபோன் வாசிக்கிறான். பிச்சாட்டூரில் எங்கள் குடும்பத்தில் எவரும் கூலிக்கு வாசித்ததில்லை. இவனும் கூலிக்கு வாசிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: சுனில் கண்களை மூடினான். இசை அவனை ஆட்கொண்டு...

(அவனுக்கே படித்துக் காட்டினேன். கண்ணை மூடினால் டிரம்ஸ்காரர் காட்டும் சாடை தெரியாதாம்.)

இரண்டாம் தொடக்கம்: அவன் தன் முன்னோர்களை நினைத்து...

(இதற்குச் சிரித்தே விட்டான். அடுத்து எங்கே நுழைவது, வாய் வறள்கிறதே, பந்தியில் வடை மிஞ்சுமா, இவைதான் ஓடுமாம். என் கதையில் வடைக்கு இடமில்லை.)

3

சரி, நடந்ததையே எழுதுகிறேன். திருப்பதி ஓட்டல் ஒன்றில் கம்பெனி ஆண்டுவிழா. சுனிலுக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த கார்வேட்டிநகரம் ரங்கையாவையும் அழைத்துப்போனேன். மாப்பிள்ளை கல்யாண ஊர்வலத்தில் பேண்டு ஊதுகிறவரா என்று பஸ்ஸில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அதற்காகத்தான் சால்வை வாங்கினேன். பெரியவர் கையால் சால்வை பெற்றவன் வித்வான். அதற்குமேல் எங்கள் பக்கத்தில் பேச்சில்லை.

சுனில் தனியாக வாசித்து நிறுத்தினான். கூட்டம் கைதட்டியது. நான் மேடையேறிப் போர்த்தினேன்.

பாட்டு முடியவில்லை. ஜாஸில் ஒவ்வொருவர் முறை முடிந்ததும் பாட்டின் நடுவிலேயே கைதட்டுவார்களாம். (முடியாததற்குக் கைதட்டியது அவர்கள். நான் முறைப்படிதான் நடந்தேன்.) மேடையில் மற்றவர்கள் வாசிப்பை நிறுத்தவே இல்லை. சுனில் திரும்பவும் வாசிக்கத் தொடங்கினான், நட்டு வைத்த கம்பம்போல.

4

கீழே இறங்கியதும் ரங்கையா கேட்டார்.

"அதுவரைக்கும் ஆடிக்கினு இருந்த. சால்வ வந்ததும் வெறச்சிப் போயிட்ட. இன்னாதான் நெனச்சிக்கினு இருந்த?"

"நழுவிக்கினே இருந்துச்சு மாமா. கீழ வுழுந்தா பெரிய நைனாவுக்கு மரியாத இல்ல. அது ஒண்ணுதான். இன்னா வாசிச்சேன்னே தெரியாது."

(பெரிய நைனா நான்தான். நிச்சயமாகும் முன்பே மாமா என்கிறான். நான் கண்டித்திருப்பேன். சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.)

5

முடிவு ஒன்று: ரங்கையா வெற்றிலை பாக்கை...

முடிவு இரண்டு: ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் அனுப்பி...

இரண்டையும் எழுதமாட்டேன். பெண் கேட்டது எங்கள் வீடு. பதிலையும் நாங்களே எழுதிக்கொள்வது கௌரவமில்லை. உங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் சொல்லுங்கள், கொடுப்பீர்களா? பையன் எதிரில்தான் நிற்கிறான்.